14 பெயர்ப்பலகை, 9 வகை: சிங்கப்பூர்ப் பேட்டைத் தோட்டத்தில் ஒரு சிட்ரஸ் தொகுப்பு

அடுக்குமாடி வீட்டுப் புளோக்குகளுக்கு நடுவே ஒரு துண்டு நிலம், அதில் 14 தொட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர்ப்பலகை. எலுமிச்சை, லிமாவ் நிப்பிஸ், மெக்சிகன் லைம், லிமாவ் கஸ்தூரி, கலமான்சி, நான்கு பருவ ஆரஞ்சு, லிமாவ் பூருட், தாஹித்தி லைம், பம்பளிமாஸ், நாரத்தை, கடாரங்காய், புத்தர் கை, மாண்டரின், மேயர் லெமன். பார்க்க வருகிறவர்களிடம் "14 வகை சிட்ரஸ்" என்று காட்டப்படும் தொகுப்பு. தீவின் சமூகத் தோட்டங்களில் அங்கங்கே காணும் நிலைமைகளை ஒரே இடத்தில் திரட்டி அமைத்த மாதிரி இது. எந்த ஒரு தோட்டத்தையும் குறிப்பதல்ல. கேள்வி ஒன்றுதான்: இங்கே உண்மையில் எத்தனை வகை இருக்கின்றன, பலகையும் செடியும் ஏன் பொருந்தவில்லை?

விடையை முதலிலேயே சொல்லிவிடலாம்: ஒன்பது. முதல் மூன்று பலகைகளுக்கும் ஒரே செடி. அடுத்த மூன்றுக்கும் ஒரே செடி. மேயர் லெமன் என்ற பலகைக்குப் பின்னால் மேயர் லெமனே இல்லை, வெறும் வேர்ச்செடிதான்; அதை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை.

பெயர் எங்கே குழம்புகிறது

தமிழ்நாட்டில் வெறுமனே எலுமிச்சை என்றால் சாறு நிறைந்த, மெல்லிய தோல் கொண்ட சிறிய காய். அதே காயை மலாய்க்காரர் லிமாவ் நிப்பிஸ் என்கிறார்கள். நிப்பிஸ் என்றாலே மெல்லியது என்று பொருள். நாற்றுக்கடையில் ஆங்கிலச் சீட்டு ஒட்டி வந்தால் மெக்சிகன் லைம் அல்லது கீ லைம். மூன்று பேர் மூன்று கன்று கொண்டுவந்தார்கள், மூன்று மொழியில் பலகை எழுதினார்கள், தொகுப்பில் மூன்று வகை சேர்ந்துவிட்டது.

கஸ்தூரியின் கதை இன்னும் சுவையானது. மீ சியாம் என்ற நூடுல்ஸ் தட்டின் ஓரத்தில் பாதியாக வெட்டி வைக்கிறார்களே, அந்தச் சின்ன உருண்டைக் காய்தான் லிமாவ் கஸ்தூரி. பிலிப்பினோ மக்கள் கலமான்சி என்பதும் இதைத்தான். சீனப் புத்தாண்டுக்குக் கடை வாசலில் ஆரஞ்சு நிறக் காய் குலுங்க நிற்கும் தொட்டிச் செடிகளில் பலவும், அதாவது சீனர் "நான்கு பருவம்" என்று அழைக்கும் செடியும், இதேதான். அந்தச் செடி இங்கே தோட்டத்துக்கு வந்து அடுத்த முறை காய்த்தபோது காய் பச்சையாகவே இருந்து மஞ்சளுக்கு மட்டும் மாறியது. உடனே "செடி மாறிவிட்டது, வேறு இனம்" என்று தனிப்பலகை. மாறியது செடியல்ல, இரவின் வெப்பம்.

சிட்ரஸ் தோல் ஆரஞ்சு நிறம் பெறவேண்டுமென்றால் பச்சையம் சிதைய வேண்டும். அதற்குக் குளிர்ந்த இரவு வேண்டும், ஏறக்குறைய 13 டிகிரி செல்சியசுக்குக் கீழே. சிங்கப்பூரில் இரவு வெப்பம் பெரும்பாலும் 23 முதல் 26 டிகிரி. எனவே முழுதாகப் பழுத்த ஆரஞ்சுகூட இங்கே பச்சைத் தோலோடு நிற்கும். புத்தாண்டில் ஜோடியாகக் கைமாறும் மாண்டரின் அவ்வளவு அழகான நிறத்தில் இருப்பது குளிர்கால இரவுள்ள இடத்தில் விளைந்ததால். கலிபோர்னியாவின் ரிவர்சைடில் 1910இல் தொடங்கி இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைகளை வைத்திருக்கும் பல்கலைக்கழகத் தொகுப்பைப் போன்ற இடங்களில் எழுதப்பட்ட வர்ணனைகளில் தோல் நிறம் முக்கிய அடையாளம். அதை அப்படியே இங்கு கொண்டுவந்தால் பாதி வகைகள் தவறாகப் போகும். பழுத்ததா என்று இங்கே நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. காயைக் கையில் எடுத்து எடை பார்க்க வேண்டும், லேசாக அழுத்திப் பார்க்க வேண்டும், ஒன்றை வெட்டிச் சாறு பார்க்க வேண்டும்.

நாரத்தையும் கடாரங்காயும் வேறு தலைவலி. மதுரைப் பக்கத்தில் ஒன்றைச் சொன்னால் தஞ்சாவூர்க்காரர் வேறொன்றைக் காட்டுவார். ஊறுகாய் ஜாடியில் இரண்டும் ஒன்றாகிவிடும். இந்த இரண்டுக்கும் ஒரே அறிவியல் பெயரை அடித்துச் சொல்வது சரியல்ல. பலகையில் தமிழ்ப் பெயரோடு விதை எந்த ஊரிலிருந்து வந்தது என்று எழுதினால் போதும். அது எந்த லத்தீன் பெயரையும்விட நேர்மையான தகவல். (ஆரஞ்சு என்ற ஆங்கிலச் சொல்லே நாரங்கம் என்ற வேரிலிருந்து பாரசீகம், அரபு வழியாகப் போனது. நம் நாரத்தைக்கு அதில் பங்குண்டு என்பார்கள்.)

நான்கு மூதாதை, மீதி எல்லாம் கலப்பு

வகைகளைப் பிரிக்க முதலில் குடும்ப வரலாறு தெரியவேண்டும். 2018இல் வெளிவந்த மரபணு ஆய்வு, சிட்ரஸ் இனங்கள் சுமார் 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இமயமலையின் தென்கிழக்கு அடிவாரப் பகுதியிலிருந்து விரிந்ததாகக் காட்டியது. நாம் சாப்பிடும் பெரும்பாலானவற்றுக்கு வேர் நான்கு: தடித்த தோலுள்ள சிட்ரான், பம்பளிமாஸ், மாண்டரின், பாப்பீடா என்ற காட்டுச் சிட்ரஸ் கூட்டம். எலுமிச்சை என்பது பாப்பீடாவும் சிட்ரானும் கலந்தது. புளிப்பு ஆரஞ்சு பம்பளிமாசும் மாண்டரினும் கலந்தது. அந்தப் புளிப்பு ஆரஞ்சு சிட்ரானோடு கலந்ததுதான் மஞ்சள் லெமன். தாஹித்தி லைம் எலுமிச்சைக்கும் லெமனுக்கும் பிறந்த மும்மடியம் (இரண்டுக்குப் பதில் மூன்று தொகுதி நிறமூர்த்தம் உள்ளது), அதனால்தான் விதை இல்லை. கஸ்தூரி, கும்குவாட் என்ற சின்னஞ்சிறு பழச் சிட்ரசும் மாண்டரினும் சேர்ந்தது. புத்தர் கை தனி இனமல்ல, விரல் விரலாகப் பிரிந்த சிட்ரான்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. தொட்டிகளின் எண்ணிக்கையை வைத்துப் பன்மையை அளந்தால் ஏமாறுவோம். சிங்கப்பூர்த் தொகுப்பில் மூன்று எலுமிச்சைத் தொட்டி இருப்பதைவிட ஒரு லிமாவ் பூருட், ஒரு பம்பளிமாஸ், ஒரு சிட்ரான், ஒரு மாண்டரின் இருப்பது அகலமான தொகுப்பு.

காயில்லாமல் இலையால் அடையாளம்

பெரும்பாலான நாட்களில் மரத்தில் காய் இருக்காது. ஆகவே இலைதான் சாட்சி. முதிர்ந்த இலை ஒன்றை எடுத்து, காம்புக்கும் இலைப்பரப்புக்கும் இடையே உள்ள கணுவைத் தேடவேண்டும். கணுவுக்குக் கீழே காம்பின் இருபுறமும் இலைபோல விரிந்திருப்பதைச் சிறகு என்போம்.

லிமாவ் பூருட்டில் சிறகு இலையளவுக்கே பெரிது. ஒரே காம்பில் இரண்டு இலை முனைக்கு முனை ஒட்டியதுபோல் தெரியும். பம்பளிமாசில் சிறகு அகன்று இதய வடிவில் இருக்கும். இளந்தளிரைத் தடவினால் மென்மயிர் படும், இந்தக் குடும்பத்தில் அது அரிது. எலுமிச்சையிலும் கஸ்தூரியிலும் சிறகு மெல்லிய கீற்று, ஆனால் எலுமிச்சைக் கிளையில் குட்டையான கூர்முள் நெருக்கமாக இருக்கும், கஸ்தூரியில் மிகக் குறைவு. மாண்டரின் இலை ஈட்டிபோல் ஒடுங்கியது, சிறகு இருப்பதே தெரியாது. சிட்ரானுக்குச் சிறகு மட்டுமல்ல, கணுவே இல்லை. இலை ஓரம் ரம்பம்போல், தளிரும் மொட்டும் ஊதா சாயல். புத்தர் கை இந்த மூன்றையும் காட்டவேண்டும். கடாரங்காய் என்று பலகை போட்ட செடியில் கணு இருந்தால் அது சுத்தச் சிட்ரான் அல்ல, எங்கோ கலந்தது என்று குறிக்கலாம்.

கசக்கி முகர்வதும் உதவும். பூருட்டின் வாசம் டாம் யாம் சூப் சாப்பிட்ட யாருக்கும் தெரியும். ஆனால் வாசத்தை மட்டும் வைத்து எலுமிச்சையையும் தாஹித்தியையும் பிரிக்க முயலக்கூடாது. அதற்கு முள்ளும் காயும்தான் வேண்டும்: தாஹித்தியில் முள் மிகக் குறைவு, காய் பெரிது, விதையில்லை.

கையில் காய் இருந்தால் விதையைப் பிளந்து பார்க்கலாம். மேலுள்ள இரண்டு உறைகளையும் நகத்தால் உரித்தால் உள்ளே பருப்பு தெரியும். எலுமிச்சை, பம்பளிமாஸ், சிட்ரானில் வெள்ளை. மாண்டரினிலும் கஸ்தூரியிலும் பிஸ்தாபோல் பச்சை. "லிமாவ் கஸ்தூரி", "கலமான்சி", "நான்கு பருவ ஆரஞ்சு" என மூன்று தொட்டிகளிலிருந்தும் காயெடுத்துப் பிளந்தபோது மூன்றிலும் பச்சைப் பருப்பு, தோலுக்குள் ஆரஞ்சு நிறச் சுளை. பலகை மூன்றும் ஒரே பெயருக்கு வந்தன.

மேயர் லெமன் ஆய்வு அரை நிமிடத்தில் முடிந்தது. எல்லாக் கிளையிலும் இலை மூன்று மூன்றாகப் பிரிந்திருந்தது. அது மூவிலை ஆரஞ்சு, ஒட்டுச் செடிகளுக்கு வேர்ச்செடியாகப் பயன்படுவது. 1908இல் சீனாவிலிருந்து அமெரிக்காவுக்கு ஃபிராங்க் மேயர் கொண்டுபோன லெமன்தான் மேலே ஒட்டியிருந்தது. ஒட்டுக்குக் கீழிருந்து வந்த தளிரை யாரும் கிள்ளவில்லை. வேர்ச்செடி தன் வேரின் உணவைத் தானே எடுத்துக்கொண்டு மேல்பகுதியைப் பட்டினிபோட்டு முடித்துவிட்டது. ஒட்டுக்குக் கீழே வரும் எந்தத் தளிரையும் அது 5 சென்டிமீட்டர் ஆவதற்குள் கையால் பிய்த்துவிட வேண்டும். கத்தரித்தால் அடிமொட்டு மிச்சமிருந்து மறுபடி வரும்.

விதையிலிருந்து வந்தால் எது நம்பத்தக்கது

எலுமிச்சை, கஸ்தூரி, பெரும்பாலான ஆரஞ்சு, மாண்டரின் ஆகியவற்றின் ஒரு விதைக்குள் பல கருக்கள் உண்டு. அவற்றில் பல தாய்த் திசுவிலிருந்தே வளர்பவை, அதாவது தாயின் நகல். ஒரு விதையிலிருந்து இரண்டு மூன்று முளை எழுந்தால் இதுதான் காரணம். வீரியமாக வளர்வது பெரும்பாலும் நகலாகவே இருக்கும். பம்பளிமாசிலும் சிட்ரானிலும் கரு ஒன்றே. மகரந்தக் கலப்பில் பிறந்த அந்தக் கன்று தாயைப் போல் இருக்கும் என்ற உத்தரவாதமில்லை. ஆகவே மலேசியாவின் ஈப்போ பம்பளிமாஸ் சாப்பிட்டுவிட்டு விதையைப் போட்டு வளர்த்த செடிக்கு "ஈப்போ பம்பளிமாஸ்" என்று பலகை போடுவது தவறு. "பம்பளிமாஸ், விதைக்கன்று" என்பதோடு நிறுத்த வேண்டும். அது காய்க்க ஆறிலிருந்து பத்தாண்டு ஆகலாம் என்பதையும் தொட்டியைத் தத்தெடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

பம்பளிமாஸ் பக்கத்தில் எலுமிச்சை வைத்தால் பம்பளிமாஸ் புளித்துவிடும் என்று ஒரு நம்பிக்கை தோட்டங்களில் சுற்றுகிறது. சுளை தாய்மரத்தின் திசு. வேறு மகரந்தம் விழுந்தால் பாதிப்பு விதைக்குள்தான்.

சிட்ரஸ் விதையைக் காயவைத்து எடுத்துவைத்தால் முளைப்புத் திறன் சீக்கிரம் போய்விடும். காயிலிருந்து எடுத்து, வழவழப்பைக் கழுவி, அன்றே விதைக்க வேண்டும்.

இழந்தவையும் காரணங்களும்

புத்தர் கை இறந்தது நீரால். சிங்கப்பூரின் ஆண்டு மழை 2,000 மில்லிமீட்டருக்கு மேல். டிசம்பர், ஜனவரியில் நாள்கணக்கில் பெய்யும். தொட்டியில் இருந்தது வெறும் தோட்டமண், அடியில் ஒரே துளை, அடிமரத்தைச் சுற்றிக் குவித்த கம்போஸ்ட். பைட்டோப்தோரா என்ற நீர்ப்பூஞ்சைக்கு இதைவிட வசதி வேண்டாம். அடிப்பட்டையில் பிசின் வடிந்து, பட்டை கறுத்து, ஒரு பக்கக் கிளைகள் முதலில் மஞ்சளாகின. சிட்ரானும் லெமனும் இதற்கு எளிதில் விழும், மூவிலை ஆரஞ்சு தாங்கும். சரியான ஏற்பாடு: சுட்டமண் மூன்று பங்கு, கம்போஸ்ட் இரண்டு பங்கு, பெர்லைட் என்ற லேசான வெள்ளைத் துகள் ஒரு பங்கு. 40 சென்டிமீட்டர் தொட்டி, அடியில் ஆறேழு துளை. ஒட்டு மண்ணிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் மேலே இருக்கவேண்டும். இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றினால் ஒரு நிமிடத்தில் மேற்பரப்பில் தேங்கல் மறையவேண்டும். தொட்டித் தட்டு வேண்டாம். தட்டில் நின்ற நீர் வேரைக் கெடுப்பதோடு ஏடிஸ் கொசுவையும் வளர்க்கும். மூன்று செங்கல் துண்டின் மேல் தொட்டியைத் தூக்கி வைத்தால் போதும்.

லிமாவ் பூருட் இலைகளில் மஞ்சள் வளையத்தோடு தடித்த தக்கைப் புள்ளிகள் இருந்தன. இது கேன்கர் என்ற பாக்டீரியா நோய். பூருட்டும் எலுமிச்சையும் இதற்கு எளிய இரை. கஸ்தூரியும் கும்குவாட்டும் நன்றாக எதிர்க்கும், அதனால்தான் பக்கத்துத் தொட்டியில் கஸ்தூரி பளபளவென்று நின்றது. மழைத்துளியும் காற்றும் பரப்புகின்றன, இலைச்சுரங்கப் புழு கீறிய இடம் வாசலாகிறது. எனவே புதுத்தளிர் ஒரு சென்டிமீட்டர் இருக்கும்போதே மாலையில் வெள்ளை எண்ணெய் (செடிகளுக்கான பூச்சித் தடுப்பு எண்ணெய்) தெளிப்பது இரண்டுக்கும் சேர்த்து வேலை செய்யும், அளவு சீட்டில் உள்ளபடி. நோய்க்கிளையை மழையில்லாத நாளில் வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரியை 70 விழுக்காடு ஆல்கஹாலில் துடைத்து, இலைகளைப் பையில் கட்டி எறிய வேண்டும். கம்போஸ்ட் குவியலில் போடக்கூடாது. பிறகு தாமிரத் தெளிப்பு. இந்தப் பூருட் பிழைத்தது.

மாண்டரின் பிழைக்கவில்லை, பிழைக்க விடவும் கூடாது. இலையில் மஞ்சள் திட்டு வந்தபோது முதலில் உரக்குறை என்று நினைத்து உரம் கூட்டினார்கள். அடையாளம் காண ஒரு பேனா போதும். நடுநரம்புக்கு இருபுறமும் நேரெதிர் இடங்களில் வட்டம் போட்டு ஒப்பிட வேண்டும். இரு பக்கமும் கண்ணாடிப் பிம்பம்போல் ஒத்திருந்தால் ஊட்டச்சத்துக் குறை: புதுஇலையில் நரம்பு பச்சையாகவும் இடைவெளி வெளுத்தும் இருந்தால் இரும்பு அல்லது துத்தநாகம், பழைய இலையில் அடிப்பகுதி மட்டும் கவிழ்ந்த வி எழுத்துபோல் பச்சையாக மிச்சமிருந்தால் மெக்னீசியம். இருபுறமும் ஒத்துப்போகாமல் திட்டுத்திட்டாக நரம்பைத் தாண்டிப் பரவியிருந்தால் ஹுவாங்லாங்பிங் என்ற பச்சைக்காய் நோயைச் சந்தேகிக்க வேண்டும். கோணல் காய், கருகிப்போன விதை அந்தச் சந்தேகத்தை வலுப்படுத்தும், உறுதி ஆய்வகத்தில்தான். இதற்கு மருந்தில்லை. தென்கிழக்கு ஆசியாவின் மாண்டரின் தோட்டங்களை அழித்துவந்த நோய் இது. செடியை வேரோடு அகற்றுவதே வழி.

அதைப் பரப்புவது ஆசியச் சிட்ரஸ் சில்லிட் என்ற சின்னப் பூச்சி, தளிரில் முட்டையிடும். தமிழ் வீடுகள் இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கறிவேப்பிலையும், பேட்டை முழுக்க வேலியாக வளரும் கெமுனிங் செடியும் இதே குடும்பம், இதே பூச்சிக்கு விருந்து வீடு. சிட்ரஸ் தொகுப்புக்கு ஒட்டியே கறிவேப்பிலை வரிசை வைத்தால் பூச்சி இரண்டுக்கும் இடையே போய்வரும். இரண்டையும் தோட்டத்தின் எதிரெதிர் முனைகளில் வைப்பது மேல். சில்லிட்டைக் கறிவேப்பிலைத் தளிரிலும் தேடவேண்டும்.

கறுப்பும் வெள்ளையுமாகப் பறவை எச்சம்போல் இலைமேல் இருக்கும் புழுக்கள் மட்டும் தனிவிஷயம். அவை எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி, காமன் மார்மன் ஆகியவற்றின் இளம்புழுக்கள். 14 தொட்டியில் ஒன்றை அவற்றுக்கென்று விட்டுவிடலாம். பள்ளிப் பிள்ளைகள் தோட்டத்துக்கு வருவதற்கு அதுவே காரணமாகலாம். பலகை மூன்று இருந்து செடி ஒன்றாகிப்போன எலுமிச்சையில் மூன்றாவது தொட்டி இந்த வேலைக்குப் பொருத்தம்.

பதிவேடும் மறுசீரமைப்பும்

1859இல் தொடங்கி 2015இல் யுனெஸ்கோ மரபுடைமைத் தலமான நம் பூமலையை, அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தைப் போன்ற இடங்களில் செடிக்கு முதலில் கிடைப்பது எண், பிறகுதான் பெயர். எந்த ஆண்டில் எந்த வரிசையில் வந்தது என்பதே அந்த எண். பெயர் திருத்தப்படும், எண் மாறாது. பேட்டைத் தோட்டத்துக்கும் இது செலவில்லாமல் பொருந்தும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஐந்து கட்டம்: எண், வந்தபோது சொன்ன பெயர், யார் வழியாக எங்கிருந்து வந்தது, விதையா, விண்பதியமா (கிளையிலேயே வேர்விட வைத்துப் பிரித்த கன்று), ஒட்டா என்பது, திருத்திய பெயரும் திருத்திய ஆதாரமும். ஆதாரக் கட்டத்தில் "சிறகு இலையளவு", "பருப்பு பச்சை" என்று இரண்டே சொல் போதும். வெளிநாட்டுக் கன்று என்றால் தேசியப் பூங்காக் கழகத்தின் விதிகளை வாங்கும் முன்பே பார்க்க வேண்டும். ஊரிலிருந்து பெட்டிக்குள் மறைத்துக் கொண்டுவரும் ஒரு குச்சி, மொத்தத் தொகுப்பையும் முடித்துவிடக்கூடும்.

காலியான இடங்களை நிரப்ப, நலமான தாய்ச்செடியிலிருந்து விண்பதியம்தான் எளிது. பென்சில் பருமனுள்ள கிளையில் 3 சென்டிமீட்டர் பட்டையை வளையமாக உரித்து, வெண்ணிற மரத்தின் மேலுள்ள வழவழப்பைக் கத்தியால் சுரண்ட வேண்டும். சுரண்டாவிட்டால் பட்டை மறுபடி சேர்ந்துவிடும், வேர் வராது. இந்த முயற்சி தோற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஈரமான தேங்காய்நார்த் தூளை ஒரு கைப்பிடி வைத்து, தெளிவான பிளாஸ்டிக்கால் சுற்றி இருபுறமும் இறுக்கிக் கட்டவேண்டும். ஐந்திலிருந்து எட்டு வாரத்தில் வேர் பிளாஸ்டிக் வழியே தெரியும். வெட்டிய பின் இலைகளில் பாதியைக் கிள்ளி, இரண்டு வாரம் நிழலில் வைக்க வேண்டும். தாயின் நோயும் கூடவே வரும் என்பதால் பேனா சோதனையில் தேறாத செடியிலிருந்து பதியம் எடுக்கக்கூடாது.

சிட்ரஸ் பூக்கக் குளிர் அல்லது வறட்சி வேண்டும். இங்கே குளிர் கிடையாது. கஸ்தூரியும் எலுமிச்சையும் அதைப் பொருட்படுத்தாமல் ஆண்டு முழுக்கப் பூக்கும். பூக்காமல் நிற்கும் மற்றவற்றைப் பிப்ரவரி வறண்ட நாட்களில் மழைபடாத இடத்துக்கு நகர்த்தி, இலை லேசாகச் சுருளும்வரை நீரைக் குறைத்து, பிறகு நிறைய ஊற்றினால் சில வாரங்களில் மொட்டு வரலாம். வேர் நோயுள்ள செடியிடம் இதைச் செய்யக்கூடாது. நாளுக்கு ஆறு மணி நேர நேரடி வெயில் கிடைக்காத தொட்டியிடமும் எதிர்பார்க்க வேண்டாம்.

மறுசீரமைப்புக்குப் பின் தொட்டி 14 அப்படியே, பலகை மட்டும் மாறியிருக்கிறது. எலுமிச்சைக்கு மூன்று மொழிப் பெயரும் ஒரே பலகையில், ஒன்றன்கீழ் ஒன்றாக. கஸ்தூரிக்கும் அப்படியே. மூவிலை ஆரஞ்சைப் பிடுங்காமல், "வேர்ச்செடி, தொட்டுப் பாருங்கள், மூன்று இலை" என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மாண்டரின் இருந்த தொட்டி இப்போதைக்குக் காலி. பம்பளிமாஸ் பலகையில் ரகம் என்ற கட்டத்தை நிரப்பாமல் விட்டிருக்கிறார்கள், மரம் காய்க்கும்வரை.